ஒரு மாணிக்கமும் ஒரு காந்தமும்!

சட்டைப் பையில் லட்ச ரூபாயை வைத்துக்கொண்டு, டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகிறவனைப் பார்த்திருக்கிறீர்களா? அது நான்தான்!

சனிக்கிழமை சாயங்காலம். தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டில் ஏறியதிலிருந்து என் இடது கை சட்டைப் பையை விட்டு இறங்கவே இல்லை. பக்கத்தில் நின்ற பெரியவர், "நெஞ்சு வலிக்கா தம்பி? இறங்கிருதியளா?" என்று கேட்டே விட்டார்.

வலியெல்லாம் இல்லை. நெஞ்சுக்கு மேலே ஒரு பழைய தைல டப்பா. அதற்குள் பஞ்சு. பஞ்சுக்குள் ஒரு கல். கத்தரிக்காய் விதை சைஸ் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல கொண்டைக்கடலை சைஸ், மாதுளம் முத்து கலர். மாணிக்கம் சார், மாணிக்கம்!

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு ஷிப்பிங் ஏஜென்ஸி ஆபீஸில் பில் எழுதுகிறவன். அப்பாவின் ஆபரேஷனுக்காக அம்மாவின் ரெண்டு வளையலும் வட்டிக் கடைக்குப் போய் மூணு வருஷம் ஆகிறது. அதை மீட்பதற்காக ஒரு சீட்டு போட்டிருந்தேன். சீட்டுப் பணம் கைக்கு வந்த மறுநாளே, தெரிந்தவருக்குத் தெரிந்தவர் ஒருத்தர் டீக்கடையில் வந்து உட்கார்ந்தார்.

"ரத்தினபுரி சரக்கு தம்பி. சிலோன்லருந்து வந்தது. மார்க்கெட்ல கொண்டுபோனா கண்ண மூடிக்கிட்டு லட்ச ரூவா. எனக்கு ஊருக்குப் போற அவசரம். உங்களுக்குன்னா பதினஞ்சாயிரம்."

வளையலில் ஒன்றை மீட்க வேண்டிய பணம். இந்தக் கல்லை விற்றால் ரெண்டையும் மீட்டு, மூணாவதாக ஒன்றும் செய்து போடலாமே? கணக்கு போடுவதுதானே நம்ம தொழில்! போட்டேன். கொடுத்தேன்.

ஆபீஸில் என் பக்கத்து சீட் அண்ணாச்சியிடம் மட்டும் ரகசியமாக டப்பாவைத் திறந்து காட்டினேன். அவர் வாயைத் திறக்காமல் ஒரு நிமிஷம் பார்த்தார். "விக்கிறதுக்கு முன்னாடி எங்க செட்டுல ஒருமட்டம் காட்டிருவோம்வே. சனிக்கிழமை வாரும்" என்றார்.

அப்படித்தான் அந்த பஸ்.

மொட்டை மாடிக் கல் கச்சேரி!

'செட்டு' என்றதும் சீட்டுக் கச்சேரி என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தால், ஒரு ரிட்டயர்டு ஜியாலஜி வாத்தியார் வீட்டு மொட்டை மாடி. நடுவில் ஒரு பெஞ்சு, அதன் மேல் ஒரு டேபிள் லைட். சுற்றி ஏழெட்டுப் பேர். எல்லார் கையிலும் கல்! முதல் பார்வைக்கு ஏதோ கலவரத்துக்குக் கிளம்புகிற கோஷ்டி மாதிரிதான் தெரிந்தது.

பெயர் கிடையாது, போர்டு கிடையாது, சந்தா கிடையாது. மாசம் ஒரு சனிக்கிழமை கூடுவார்கள். கல்லைப் பார்ப்பார்கள், கல்லைப் பற்றிப் பேசுவார்கள், டீயும் மக்ரூனும் சாப்பிட்டுக் கலைவார்கள். அவ்வளவுதான்.

"இப்படித்தான் தம்பி லண்டன்லயும் ஆரம்பிச்சாங்க" என்றார் வாத்தியார். 1807 நவம்பர் 13-ந் தேதி, லண்டனில் ஒரு ஓட்டலில் 13 பேர் சாப்பிட உட்கார்ந்தார்களாம். பேச்சு பூராவும் பாறையைப் பற்றியும் மண்ணைப் பற்றியும்தான். அந்தச் சாப்பாட்டு செட்டுதான் லண்டன் ஜியாலஜிகல் சொஸைட்டி. உலகத்திலேயே பழைய நிலவியல் சங்கம் அதுதான். "அங்க டின்னர், இங்க மக்ரூன். அதான் வித்தியாசம்."

செட்டுக்கு மூணே மூணு சட்டம். ஒன்று, கல் எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது என்று சீட்டு எழுதி ஒட்டாமல் கல்லைக் கொண்டுவரக் கூடாது. ரெண்டு, கடலிலிருந்து பவளப் பாறையில் ஒரு துண்டுகூட எடுத்து வரக் கூடாது. மூணு, விலை பேசக் கூடாது.

மூணாவது சட்டத்தைக் கேட்டதும் என் கை தானாகப் பையை அமுக்கிக்கொண்டது.

உப்புக்கு ஒரு மரியாதை

முதலில் உப்பளத்தில் கணக்கு எழுதும் அண்ணாச்சியின் முறை. ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்தார். உள்ளே உப்பு. 'சாம்பாருக்கா?' என்று கேட்க வாய் துடித்தது. லென்ஸைக் கொடுத்தார். பார்த்தேன். ஒவ்வொன்றும் பகடைக்காய் மாதிரி சதுரம் சதுரமாக, யாரோ ஸ்கேல் வைத்து வெட்டிய மாதிரி!

"யாரும் வெட்டலை. சோடியமும் குளோரினும் அப்படித்தான் அடுக்கும். உடைச்சாலும் சதுரமாத்தான் உடையும். உப்பும் கனிமம்தான் தம்பி, பேரு ஹாலைட்" என்றார் வாத்தியார். பொறந்ததிலிருந்து உப்பளத்தைப் பார்த்துக்கொண்டே ஸ்கூலுக்கும் ஆபீஸுக்கும் போனவன் நான். ஒரு நாள்கூடக் குனிந்து பார்த்ததில்லை.

அதே அண்ணாச்சி இன்னொரு பொட்டலத்தில் ஜிப்சம் வைத்திருந்தார். கடல் தண்ணீர் வற்றும்போது உப்புக்கு முன்னாடியே பாத்தியில் படிகிறது இது. நகத்தால் கீறினால் கோடு விழுகிறது. 1812-ல் மோஸ் என்கிற ஜெர்மன்காரர் கல்லுக்கெல்லாம் கடினத்தை வைத்து மார்க் போட்டாராம். டால்கம் பவுடருக்கு ஆகிற மாக்கல்லுக்கு 1, ஜிப்சத்துக்கு 2, மணலில் இருக்கிற குவார்ட்ஸுக்கு 7, மாணிக்கத்துக்கு 9, வைரத்துக்கு 10. நம் நகத்துக்கு ரெண்டரை. (என் மனைவியாக வரப்போகிறவரின் நகத்துக்கு எவ்வளவு என்று கல்யாணத்துக்கு அப்புறம்தான் சொல்ல முடியும்!)

துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒருத்தர் உரக் கம்பெனிக்கு வருகிற பாஸ்பேட் பாறைத் துண்டு ஒன்றை வைத்திருந்தார். இன்னொருத்தர் பாட்டிலில் குதிரைமொழித் தேரியின் செம்மண். ஒவ்வொரு மணல் துளிக்கும் மேலே இரும்புத் துரு ஒரு கோட் பெயின்ட் அடித்திருப்பதால்தான் அந்தச் சிவப்பாம்.

வாத்தியார் எடுத்தது ஒரு கருங்கல் துண்டு. சார்னோக்கைட். கல்கத்தாவுக்கு அஸ்திவாரம் போட்டதாகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருக்கும் கல், நம்ம பல்லாவரம் பக்கத்துப் பாறை ஜாதி! அதைப் பார்த்துத்தான் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியல் நிபுணர் 1893-ல் அந்தப் பாறைக்கு சார்னாக் பெயரையே வைத்தார். கல் நம்மூர்க் கல், பேர் வெள்ளைக்காரன் பேர்.

நகைப் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, பாட்டி காலத்து முத்து ஒன்றை எடுத்தான். உடனே சண்டை ஆரம்பமாகிவிட்டது. முத்து கல்லா, இல்லையா? "உள்ள இருக்கிறது அரகோனைட்ங்கிற சுண்ணாம்புக் கனிமம்தான். ஆனா அதைச் செஞ்சது சிப்பி. உசுரு உள்ளது செஞ்சதைக் கனிமக் கணக்குல சேர்க்க மாட்டாங்க" என்றார் வாத்தியார். "தூத்துக்குடியில உக்காந்துக்கிட்டு முத்தை வெளிய நிறுத்துவீயளோ?" என்று உப்பள அண்ணாச்சி எகிறினார். கடைசியில் முத்துக்கு மட்டும் ஸ்பெஷல் பர்மிஷன்!

இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நடந்து ரொம்ப நாளாகிறது. கடைசியாக நடந்தது 1961-ல். அப்புறம் பார்களில் சிப்பி தேறவில்லை. 1973-ல் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் இதே தூத்துக்குடியில் சிப்பிக்குள் கருவை வைத்து, இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்தை எடுத்தார்கள். தம்பியிடம் இருந்தது பழைய கடல் முத்து. எங்கள் கை படக்கூட விடாமல் திரும்பச் சுற்றி வைத்துக்கொண்டான்.

விசாரணை

"தம்பி ஏதோ கொண்டாந்திருக்காராமே?"

டப்பாவைத் திறந்தேன். டேபிள் லைட் வெளிச்சத்தில் கல் ஜொலித்தது. எல்லாரும் 'அடடா' என்றார்கள். என் நெஞ்சு ஒரு இஞ்ச் விரிந்தது.

"சீட்டு எங்க?" என்றார் வாத்தியார்.

"சீட்டுப் பணத்துலதான் சார் வாங்கினேன்."

எல்லாரும் சிரித்தார்கள். கல் எந்த ஊர் என்று எழுதிய சீட்டைத்தான் கேட்டிருக்கிறார்! "ரத்தினபுரி" என்றேன். "அது வித்தவரு சொன்னது. கல்லு என்ன சொல்லுதுன்னு கேப்போம்" என்று லென்ஸை எடுத்தார்.

முதலில் உள்ளே குமிழி இருக்கிறதா என்று பார்த்தார். உருண்டைக் குமிழி இருந்தால் கண்ணாடியாக இருக்க வாய்ப்பு அதிகம். இல்லை. 'பாஸ்!' என்றேன் மனசுக்குள். "கீறிப் பாக்கலாமா சார்?" என்று ஒருத்தர் கேட்டதற்கு, "பட்டை தீட்டின கல்லைக் கீறக் கூடாது. அது கொலை" என்றார்.

அடுத்து, என் பக்கத்து சீட் அண்ணாச்சி பையிலிருந்து ஒரு நீல டார்ச்சை எடுத்தார். ஆபீஸில் கள்ள நோட்டு பார்க்கிற அல்ட்ரா வயலட் டார்ச்சேதான்! லைட்டை அணைத்தார்கள். நல்ல பர்மா மாணிக்கம் என்றால் இந்த வெளிச்சத்தில் அடுப்புக் கங்கு மாதிரி சிவப்பாக ஒளிரும். என் கல் சாப்பிட்டுத் தூங்குகிற பூனை மாதிரி இருட்டாகவே கிடந்தது.

"இதை மட்டும் வச்சுத் தீர்ப்பு சொல்லக் கூடாது. இரும்புச் சத்து இருக்கிற மாணிக்கமும் மங்கலாத்தான் இருக்கும். அந்த டப்பைக் கொண்டாங்க" என்றார்.

பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர். அதன் மேல் பெரிய பொட்டு சைஸில் ஒரு தெர்மோகோல் துண்டு. அதன் மேல் என் லட்ச ரூபாய். வாத்தியார் மேஜை டிராயரிலிருந்து சின்னதாக ஒரு காந்தம் எடுத்தார். பழைய கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்க்கிலிருந்து கழற்றிய நியோடிமியம் காந்தம். அதைக் கல்லுக்குப் பக்கத்தில் மெதுவாகக் கொண்டுபோனார்.

தெர்மோகோல் நகர்ந்தது. காந்தத்தை விலக்கினார், நின்றது. இந்தப் பக்கம் கொண்டுவந்தார், இந்தப் பக்கம் வந்தது. கல்யாண வீட்டில் மாமனாருக்குப் பின்னாலேயே போகிற புது மாப்பிள்ளை மாதிரி, காந்தம் போன இடமெல்லாம் என் மாணிக்கம் போனது.

மாடியில் ஒருத்தரும் பேசவில்லை.

"மாணிக்கம் அலுமினியமும் ஆக்ஸிஜனும் சேர்ந்தது. சிவப்புக்குத் துளி குரோமியம். காந்தத்துக்கு இப்படி ஓடாது. இவ்வளவு ஓடுதுன்னா உள்ள இரும்பு நிறைய இருக்கு. இது கார்னெட் தம்பி. அல்மண்டைன் ஜாதி. கல்லு ஒரிஜினல். பேருதான் டூப்ளிகேட்."

மூணாவது சட்டத்தை எனக்காக ஒரு நிமிஷம் தள்ளி வைத்தார்கள். நகைப் பட்டறைத் தம்பி மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, சில நூறு ரூவா பெறும்ணே."

டீ ஆறிப்போனது. எனக்கு வளையல் சத்தம் மட்டும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

ராஜாவே ஏமாந்தார்!

"மனசை விடாதீய. இங்கிலாந்து ராஜா கிரீடத்துல முன்னாடி பெருசா ஒரு செவப்புக் கல் இருக்கு. 'பிளாக் பிரின்ஸ் ரூபி'ன்னு பேரு. நூத்துக்கணக்கான வருஷமா மாணிக்கம்னே நெனச்சாங்க. அது மாணிக்கமே இல்ல, ஸ்பினல்ங்கிற வேற கல்லு. ராஜாவுக்கே அந்தக் கதின்னா..." என்றார் வாத்தியார்.

ராஜா சீட்டுப் பணத்தில் வாங்கியிருக்க மாட்டாரே! வாய் திறந்து சொல்லவில்லை.

அப்போதுதான் அவர் அலமாரியிலிருந்து ஒரு பழைய பாட்டிலை எடுத்து வந்தார். பாடம் நடத்திய காலத்து சாம்பிள். 'பெரியதாழை கடற்கரை' என்று சீட்டு ஒட்டியிருந்தது. வெள்ளைக் காகிதத்தில் ஒரு ஸ்பூன் மணலைக் கொட்டினார். கறுப்பும் சிவப்புமாக இருந்தது. சாதாரண காந்தத்தைக் காட்டியதும் கொஞ்சம் கறுப்புப் பொடி ஒட்டியது. அது மேக்னடைட். ஹார்டு டிஸ்க் காந்தத்தைக் காட்டியதும் இன்னும் ஒரு கூட்டம் குதித்து ஒட்டியது. லென்ஸைக் கொடுத்தார்.

பார்த்தேன். கறுப்பு இல்மனைட் துளிகளுக்கு நடுவில் குட்டிக் குட்டியாக ரோஸ் நிறத்தில், கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு... "எல்லாம் கார்னெட். உங்க கல்லுக்குச் சொந்தக்காரங்க" என்றார்.

நான் பதினைந்தாயிரம் கொடுத்து வாங்கியதன் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் அந்த ஒரு ஸ்பூனில் நூற்றுக்கணக்கில் கிடந்தார்கள்!

சுமார் 55 கோடி வருஷத்துக்கு முன், பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்த பாறைகளில் உண்டானவை இவை. அந்தப் பாறைகள்தான் நம் தென்கோடி மலைகள். மழை அரித்தது, ஆறு கொண்டுவந்தது, அலை சலித்தது. தண்ணீரைவிட இரண்டரை மடங்கு சொச்சம் கனமான குவார்ட்ஸை அலை இழுத்துக்கொண்டு போகிறது. நாலு மடங்கு கனமான கார்னெட்டும், அதைவிடக் கனமான இல்மனைட்டும் கரையிலேயே தங்கிவிடுகின்றன. அரிசி களைகிறபோது கல் அடியில் நிற்குமே, அதே சங்கதி.

கார்னெட்டில் உப்புத்தாள் பண்ணுகிறார்கள், இரும்பை அறுக்கிற தண்ணீர்ப் பீச்சில் கலக்கிறார்கள். கறுப்பு இல்மனைட்டிலிருந்து எடுப்பது என்ன தெரியுமா? வெள்ளை பெயின்டுக்கான டைட்டானியம் டை ஆக்ஸைடு! கூடவே மோனசைட் என்று ஒன்று. அதில் தோரியம் இருக்கிறது, நியோடிமியமும் இருக்கிறது. என் மானத்தை வாங்கிய அந்தக் காந்தத்தில் இருக்கிற உலோகம், நம்ம கடற்கரை மணலிலும் இருக்கிறது, சார்!

"இவ்வளவு சொத்தா?" என்று ஒருத்தர் வாய் பிளந்தார். "எப்ப சொத்துன்னு தெரிஞ்சுதோ, அப்பவே வினையும் வந்தாச்சு" என்றார் வாத்தியார். தாது மணலை அளவுக்கு மீறி அள்ளுகிறார்கள் என்று புகார் கிளம்பி, 2013-ல் தமிழக அரசு முதலில் தூத்துக்குடி மாவட்டத்திலும் அடுத்த மாதமே மாநிலம் முழுக்கவும் மணல் அள்ளுவதை நிறுத்தியது. 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கே உத்தரவிட்டது.

அப்போதுதான் அவர்களுடைய ரெண்டாவது சட்டமும் புரிந்தது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அதில் ரெண்டு தீவுகள் இன்றைக்குத் தண்ணீருக்கு மேலே இல்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் என்று பவளப் பாறையை வருஷக்கணக்கில் வெட்டினோம். அலையைத் தடுக்கப் பாறை இல்லாமல் போனதும் தீவு கரைந்தது. பவளத்தைத் தொட்டால் சட்டப்படி குற்றம் என்று 2001-ல் வந்தது. தீவு திரும்பி வரவில்லை.

"எல்லாருமே ஒரு கைப்பிடிதானேன்னுதான் எடுத்தான்" என்றார் வாத்தியார். பேசிக்கொண்டே காகிதத்தை மடக்கி, விரலால் தட்டித் தட்டி, கடைசித் துளி வரைக்கும் மணலைத் திரும்ப பாட்டிலுக்குள் விட்டார்.

எனக்கு டீக்கடைக்காரக் கணக்கு ஞாபகம் வந்தது. பதினைந்தைப் போட்டால் நூறு! நானும் அந்த ஜாதிதான்.

நீங்கள் ஏமாறாமல் இருக்க...

செட்டுக்காரர்கள் சொல்லிக் கொடுத்ததை உங்களுக்கும் ஓசியிலேயே சொல்கிறேன். எனக்குப் பதினைந்தாயிரம் ஆனது!

* 'அவசரம், உங்களுக்குன்னா இந்த விலை' என்று எவன் சொன்னாலும், கல்லைப் பார்க்காதீர்கள். வாசலைப் பாருங்கள்.

* கல் கண்ணாடியா, கல்லா என்று லென்ஸில் குமிழி பாருங்கள். சிவப்புக் கல்லென்றால் தெர்மோகோலில் மிதக்கவிட்டு, வலுவான காந்தம் காட்டுங்கள். ஓடி வந்தால் பெரும்பாலும் கார்னெட்.

* ஓடி வராவிட்டாலும் துள்ளாதீர்கள். பிரான்சில் வெர்னூய் என்பவர் நெருப்பில் மாணிக்கம் உண்டாக்கும் வித்தையை 1902-லேயே வெளியிட்டுவிட்டார். அதுவும் மாணிக்கம்தான், ஆனால் பூமி செய்ததில்லை, மெஷின் செய்தது. அதற்கு லேப் சர்ட்டிஃபிகேட்தான் ஒரே வழி.

* கார்னெட்டைக் கேவலமாக நினைக்காதீர்கள். நவரத்தினத்தில் இருக்கிற கோமேதகமும் கார்னெட் குடும்பம்தான்.

அம்மாவின் தீர்ப்பு

ராத்திரி வீட்டுக்குப் போனபோது மணி பத்து. அம்மா தூங்கவில்லை.

"என்னலே, பேயறைஞ்ச மாதிரி வாற?"

மறைக்க முடியவில்லை. சீட்டுப் பணம், டீக்கடை, ரத்தினபுரி, தெர்மோகோல்... எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். விற்றவரின் நம்பர் சாயங்காலத்திலிருந்து ஸ்விட்ச்டு ஆஃப் என்பதையும் சொன்னேன். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். முப்பது வயசில் அம்மாவிடம் அடி வாங்குவதற்கும் ஒரு மனப்பக்குவம் வேண்டும்.

அம்மா டப்பாவை வாங்கி, கல்லை உள்ளங்கையில் வைத்து, டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். வளையல் இல்லாத கை.

"எந்த ஊரு கல்லுன்னு அந்த வாத்தியாருக்காவது தெரிஞ்சுதா?"

"அது தெரியாதாம்மா. சீட்டு இல்லையே."

"அப்ப நீ ஒரு சீட்டு எழுதி உள்ள போடு. 'இந்தக் கல்லை வாங்குனவன் இன்னான்'னு. நாளைக்கு உன் பிள்ளைக்குக் காட்டணும்லா" என்று சொல்லிவிட்டு, கல்லைப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

அது நடந்து ஒன்பது மாசம் ஆகிறது. ஓவர் டைம் பார்த்து, டீயைக் குறைத்து, போன மாசம் ஒரு வளையலை மீட்டுவிட்டேன். இன்னொன்று பாக்கி. அதற்கும் ஒரு சீட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. சீட்டுப் பணம் கைக்கு வருகிற அன்றைக்கு ஆபீஸ் வாசலில் அம்மாவே வந்து நிற்பதாக ஏற்பாடு!

மாசம் ஒரு சனிக்கிழமை மாடிக்கு மட்டும் தவறாமல் போய்விடுகிறேன். போன தடவை ஒரு புதுப் பையன் வந்தான். இடது கை சட்டைப் பையை விட்டு இறங்கவே இல்லை.

"நெஞ்சு வலிக்கா தம்பி?" என்று கேட்டபடி, தெர்மோகோலை எடுக்க எழுந்து போனேன்.